விரலும் கிண்ணமும்

நடவு முடிந்த வாரத்தில் கருவைக் கலைக்க எங்களிடம் கூட்டம் கூடும். "நாள் தள்ளிப்போச்சு டாக்டரம்மா, கூலி வேலை முடியட்டும்னு இருந்துட்டேன்" என்பார்கள். 7 வாரத்தில் வந்திருக்க வேண்டியவர் 11 வாரத்தில் வந்து நிற்பார். திட்டிப் பயனில்லை. கருவை உறிஞ்சும் குழாயில், 7 மில்லிமீட்டர் கேனுலாவை ஒதுக்கிவிட்டு 10-ஐ எடுக்க வேண்டியதுதான்.

நான் டி அண்டு சி காலத்தில், கருப்பை வாயை விரித்துச் சுரண்டி எடுத்த நாளில், கை பழகியவள். க்யூரெட்டால் சுரண்டும்போது கரகரப்பு விரலுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் ஒரு சுற்று சுரண்டுவோம். அளவு மிஞ்சினால் கருப்பையின் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். இப்போது கையால் உறிஞ்சும் 60 மில்லி எம்.வி.ஏ. சிரிஞ்சு, மரத்துப்போக லிக்னோகெயின், சில நிமிட வேலை. இன்னும் க்யூரெட்டைத் தேடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

என் ஆசிரியை இரண்டு மாதம் கருவியையே தொடவிடவில்லை. பரிசோதனை மட்டும்தான்: ஒரு கை உள்ளே, ஒரு கை அடிவயிற்றில். "கருப்பை முன்னால சாய்ஞ்சிருக்கா, பின்னாலயா? அதைச் சொல்லு, அப்புறம் சிரிஞ்சு." பின்னால் சாய்ந்த கருப்பை ஒன்றை நான் தவறவிட்டு, வாயை விரிக்கும் டைலேட்டரை வழக்கமான வளைவில் செலுத்தினேன். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும். அன்றிலிருந்து கருப்பை வாய் இறுகியிருந்தால் மல்லுக்கட்டுவதில்லை. அதை இளக்க மிசோப்ரோஸ்டால் மாத்திரை வைத்து மூன்று மணி நேரம் காத்திருப்பேன்.

எடுத்ததை அலசி, கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பாசி போலக் கிளைவிட்டு மிதப்பது வில்லஸ், கரு வெளியே வந்ததற்கு அடையாளம். ஸ்கேன் எல்லாருக்கும் எடுக்காத நாளில் ஒருவருக்கு அது இல்லை, வெறும் சவ்வு. வலியில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். விடவில்லை. கரு கருப்பையில் இல்லை, சினைக்குழாயில் இருந்தது. தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்தார்.

கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்துக்கொண்டு, காய்ச்சலோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் அதற்கு முன் எங்கோ கதவைத் தட்டி, "வீட்டுக்காரரைக் கூட்டி வா" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். வீட்டுக்காரர் திருப்பூரில் இருப்பார். 1971-இன் கருக்கலைப்புச் சட்டம் அப்படிக் கேட்கவே இல்லை. 18 வயது நிறைந்தவருக்கு அவருடைய கையெழுத்து மட்டும் போதும். எங்களிடம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, வந்து நிற்கும் பெண்ணின் கையில் முதல் நாளே சம்மதப் படிவத்தைக் கொடுங்கள்.