மூட்டும் முயற்சியும்

மனித உடலிலுள்ள மூட்டுகளுள் மிகப் பெரியது முழங்கால் மூட்டு. நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் சுமையைத் தாங்குவது அதுவே. தொடையெலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் அங்கே கூடுகின்றன. அம்முனைகள் ஒன்றோடொன்று உராயாதபடி வழவழப்பான குருத்தெலும்பு அவற்றைப் போர்த்துள்ளது. முதுமையாலோ நோயாலோ அடிபட்டதாலோ அப்போர்வை தேய்ந்து அழியுமாயின், ஓரடி எடுத்து வைப்பதும் பெருந்துன்பமாகும். தேய்ந்த குருத்தெலும்பு முன்போல் மீண்டும் வளர்வதில்லை. கட்டிலே உலகமெனக் காலங்கழித்தோர் எத்துணையர்!

இத்துன்பத்தைத் துடைக்க முன்வந்தவருள் ஒருவர் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்னும் அறுவை மருத்துவர். 1890-ஆம் ஆண்டில், ஜெர்மனி நாட்டின் பெர்லின் நகரில், எலும்புருக்கி நோயால் முழங்கால் சிதைந்த இளம்பெண் ஒருத்திக்கு அவர் செயற்கை மூட்டொன்றைப் பொருத்தினார். யானைத் தந்தத்தால் ஆகிய அம்மூட்டு, கதவின் கீல் போல மடங்கி நிமிர்ந்தது. இயற்கை அமைத்த உறுப்புக்கு ஈடாக மனிதன் செய்த உறுப்பு இயங்கியது!

ஆயினும், அவ்வெற்றி நிலைக்கவில்லை. எலும்பினுள் குடியிருந்த நோய்க்கிருமிகள் அவருடைய முயற்சியைக் குலைத்தன. அந்நோயை வெல்லும் ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்து 1943-ஆம் ஆண்டிலேதான் கண்டறியப்பட்டது. அவ்வாறாயின், குளுக்கின் உழைப்பு வீணோ? அன்று. கிருமி குடிகொண்ட மூட்டில் அதனை ஒழிக்காமல் செயற்கை மூட்டை நிலைநிறுத்தலாகாது என்னும் உண்மையை அத்தோல்வி உணர்த்திற்று. இன்றும் மருத்துவர்கள் அதனைப் போற்றி ஒழுகுகின்றனர்.

ஆண்டுகள் பல உருண்டன. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்பவர் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் இணைத்து இடுப்பு மூட்டு அமைத்து வெற்றி கண்டார். அவரிடம் பயின்ற கனடா நாட்டு மருத்துவர் பிராங்க் கன்ஸ்டன், அம்முறையை 1968-ஆம் ஆண்டில் முழங்காலுக்குக் கொணர்ந்தார். முழங்கால் கீல் போல மடங்குவது மட்டுமன்று. மடங்கும்போதே உருள்வதும் சறுக்குவதும் உண்டு என்பதை உணர்ந்து அவர் மூட்டை வடித்தார்.

இக்காலத்தில் மருத்துவர், தேய்ந்த எலும்பு முனைகளை அளந்து மெல்லிதாய்ச் சீவுகிறார். தொடையெலும்பின் முனைக்கு உலோகக் கவசம் அணிவிக்கிறார்; கீழெலும்பின்மேல் உலோகத் தட்டை அமைக்கிறார்; இரண்டிற்கும் இடையே வழவழப்பான பிளாஸ்டிக் தகட்டை வைக்கிறார். அளவு சிறிது பிழைத்தாலும் கால் கோணும். மூட்டு விரைவில் தேயும். செம்மையாய் அமைந்த மூட்டோ பெரும்பாலும் 15, 20 ஆண்டுகளும் அதற்கு மேலும் உழைக்கும்.

மருத்துவர் பணி இரண்டொரு மணி நேரத்தில் முடிகிறது. நோயாளியின் பணி அப்பொழுதுதான் தொடங்குகிறது. அன்றோ மறுநாளோ அவர் எழுந்து நிற்றல் வேண்டும். வாரக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கியும் நீட்டியும் பழகுதல் வேண்டும். அதற்கு அஞ்சிக் கிடப்பவருக்குப் புதிய மூட்டும் விறைத்துப்போகும். குளுக் தொடங்கினார், பின்வந்தோர் திருத்தினர், நோயாளி முயன்று நடக்கிறார். மூவர் முயற்சியும் கூடிய இடத்தில்தான் முடங்கிய கால் எழுந்து நடக்கிறது.