பார்த்ததும் நினைத்ததும்

பெற்றோரின் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான குழந்தையை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் வழக்குகளில், அக்குழந்தையின் நலனை மட்டுமே கருதி நீதிபதியிடம் எடுத்துரைப்பதற்காக நீதிமன்றமே நியமிக்கும் பயிற்சி பெற்ற பொதுமக்களை அமெரிக்காவில் 'காசா' தன்னார்வலர்கள் என்பர். சியாட்டில் நகரில் நீதிபதியாக இருந்த டேவிட் சூக்கப், ஒரு குழந்தையின் எதிர்காலத்தை முடிவுசெய்யத் தம்முன் வைக்கப்பட்ட தகவல்கள் போதவில்லை என்று உணர்ந்து 1977-இல் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. பாராட்டு தன்னார்வலருக்குப் போய்ச் சேர்கிறது, அது நியாயமே. ஆனால் இத்திட்டம் நிலைப்பதும் சரிவதும் அவர்களை மேற்பார்வையிடும் மேலாளரின் கையில்தான் இருக்கிறது.

குற்றப் பின்னணி விசாரணை, நேர்காணல், ஏறத்தாழ 30 மணிநேரப் பயிற்சி, நீதிபதி முன் உறுதிமொழி ஆகியவை விதிப்படி நடந்துவிடும். கடினமான பகுதி அதன்பிறகே தொடங்குகிறது. வழக்கறிஞராகவோ சமூகப்பணியாளராகவோ அல்லாத தன்னார்வலர், குழந்தையையும் பெற்றோரையும் ஆசிரியரையும் சந்தித்து எழுதும் அறிக்கை முதலில் மேலாளரிடமே வருகிறது. அதில், "வீடு அலங்கோலமாக இருந்தது, தாய்க்கு அக்கறை இல்லை" என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். கண்ணால் கண்டது என்ன என்று மேலாளர் கேட்கும்போது, தொட்டியில் கழுவாத பாத்திரங்களும் ஒரே கட்டிலில் இரு பிள்ளைகளும் இருந்தது உண்மைதான் என்றாலும், குளிர்பெட்டியில் பாலும் முட்டையும் இருந்ததும், மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருந்ததும் பிறகே வெளிவருகின்றன. வசதியான வீட்டிலிருந்து வந்தவரின் கண்ணுக்கு வறுமையும் புறக்கணிப்பும் ஒன்றுபோலவே தெரியும்; தன்னார்வலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் குழப்பம் தானாக விலகுவதில்லை. பார்த்தது, கேட்டது, நினைத்தது என்ற மூன்றையும் தனித்தனியே பிரித்து எழுதவைப்பதே மேலாளரின் முதன்மையான பணி. கடந்த 22 மாதங்களில் 15 மாதங்கள் அரசுப் பராமரிப்பில் இருந்த குழந்தையின் பெற்றோருக்குரிய உரிமையை நீக்கக் கோரி, சில விலக்குகள் நீங்கலாக, மாநிலம் மனுச்செய்ய வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் விதிப்பதால், 'அக்கறை இல்லை' என்ற இரண்டு சொற்கள் ஒரு குடும்பம் பிரிவதற்கும் துணைபோகக்கூடும்.

சமூகப்பணியாளர்கள் அடிக்கடி மாறுகிற இத்துறையில், வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் தெரிந்த ஒரே முகமாகத் தன்னார்வலரே இருக்கக்கூடும்; அவரும் பாதியில் விலகினால், குழந்தையை விட்டுப்போன பெரியவர்களின் வரிசையில் இன்னொருவர் கூடிவிடுவார். விலகுவதற்கு முன்பே அவருடைய சோர்வு, தள்ளிப்போகும் சந்திப்புகளிலும் சுருங்கிவரும் குறிப்புகளிலும் தெரிந்துவிடும் என்றாலும், அதைக் கவனிக்க மேலாளருக்கு நேரம் வேண்டும். முழுநேர மேற்பார்வையாளர் ஒருவருக்கு 30 தன்னார்வலருக்கு மேல் கூடாது என்ற தேசியத் தரநிலையின் பொருள் இதுவே. நன்கொடையாளர்களோ புதிதாக எத்தனை தன்னார்வலர் சேர்ந்தனர் என்றே கேட்கின்றனர். மேற்பார்வையாளரின் சம்பளம் அவர்களுக்கு நிர்வாகச் செலவாகத் தெரிகிறது. அச்சம்பளத்துக்கு வழியில்லாத திட்டம், அடுத்த உறுதிமொழி நிகழ்ச்சியைத் தள்ளிவைப்பதே முறை.