காது அடைத்தால் மூக்கைப் பாருங்கள்

கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைத்துக்கொள்வதும், எச்சிலை விழுங்கியதும் ‘டப்’பென்று திறந்துகொள்வதும் நம்மில் பலர் கண்ட அனுபவம். சளி பிடித்த நாளில் அதே பாதையில் இறங்கி வருவோருக்கோ, எத்தனை முறை விழுங்கினாலும் காது திறப்பதில்லை. வத்தலக்குண்டு வந்து சேர்ந்த பின்னரும், பிறர் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலவே கேட்கும். மூக்கில் வந்த நோய்க்குக் காது ஏன் துன்புற வேண்டும்?

செவிப்பறைக்குப் பின்னே நடுச்செவி என்னும் சிற்றறை இருக்கிறது. அதனுள் காற்று நிறைந்திருந்தால்தான் செவிப்பறை நன்கு அதிரும். ஆனால் அவ்வறையின் உட்சவ்வு அக்காற்றைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. குறைந்த காற்றை ஈடுசெய்யவே, மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு குழல் செல்கிறது. வளர்ந்தோருக்கு அதன் நீளம் ஏறத்தாழ 3.5 சென்டிமீட்டர். 16-ஆம் நூற்றாண்டில் அதனை விவரித்த இத்தாலிய அறிஞர் யூஸ்டாக்கியோவின் பெயரால் அது யூஸ்டேக்கியன் குழல் எனப்படுகிறது. எப்போதும் மூடியிருக்கும் இக்குழல், நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து மூடுகிறது. சிறுவர்களுக்கு இது குட்டையாகவும், அதிகச் சாய்வின்றியும் அமைந்திருப்பதால் எளிதில் கெடுகிறது.

மூக்கின் உட்சவ்வு வீங்கினாலோ, மூக்கின் பின்னே உள்ள அடினாய்டு சதை பெருத்தாலோ, குழலின் வாய் நெருக்குண்டு போகிறது. நடுச்செவியில் காற்றழுத்தம் குறைகிறது, செவிப்பறை உள்வாங்குகிறது, நாளடைவில் அவ்வறையில் பசைபோன்ற நீர் தேங்குகிறது. பெரும்பாலும் வலி இராது, காய்ச்சலும் இராது. கேள்வி மட்டும் மந்தமாகும். வலியில்லாத நோயை யார் கவனிக்கிறார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தாய் தம் ஏழு வயது மகனை எம்மிடம் அழைத்து வந்தார். “சாமி, எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறான். பள்ளிக்கூடத்திலும் கடைசி பெஞ்சிலே உட்கார வெச்சிட்டாங்க. நீங்களாவது கண்டிச்சு வையுங்க” என்றார். சிறுவனோ வாயைத் திறந்தபடியே மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். இரவில் குறட்டை விடுவானா என்று வினவினோம். விடுவான் என்றார் தாய். கண்டிப்பதை விடுத்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அவர்களை அழைத்துச் சென்றோம்.

அங்கு நடந்த சோதனை எமக்கு வியப்பளித்தது. காதில் சிறு ரப்பர் முனையைப் பொருத்தி, காற்றழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும், மெல்லிய ஒலியைச் செலுத்திச் செவிப்பறையின் அசைவைக் கருவி வரைபடமாக்குகிறது. டிம்பனோமெட்ரி என்பது அதன் பெயர். நலமுள்ள காதுக்கு நடுவில் மலைச்சிகரம் போன்ற கோடு தோன்றும். குழல் சரிவரத் திறவாவிடில் சிகரம் ஒரு பக்கமாக விலகும். நீர் தேங்கியிருந்தால் கோடு தட்டையாகிவிடும். சிறுவனுக்கு இரு காதுகளிலும் கோடு தட்டையாகவே வந்தது.

மூக்கைப் பாராமல் இச்சோதனைகளை மட்டும் நம்பிவிடலாகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினால் குழலில் என்ன நிகழும் என்று ஆராய்ந்தவர் ஆங்கிலேய மருத்துவர் டாயின்பி (1815–1866). அப்போது மூக்கின் பின்புறத்தில் அழுத்தம் முதலில் ஏறி, உடனே தாழ்கிறது. நடுச்செவிக் காற்றும் வெளியே இழுக்கப்படலாம். இன்றும் அது டாயின்பி சோதனை என்றே வழங்குகிறது. மூக்கடைத்த பிள்ளையோ ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் தன்னையறியாமல் அச்சோதனையையே செய்துகொண்டிருக்கிறது! சளி பிடித்த நாளில் எடுத்த வரைபடம் அந்நாளின் நிலையை மட்டுமே காட்டலாம். சளி நீங்கிய பின் மறுபடியும் சோதித்தே முடிவு செய்வர். பல பிள்ளைகளுக்குத் தேங்கிய நீர் மூன்று மாதங்களில் தானே வற்றிவிடுவதும் உண்டு.

இச்சிறுவனுக்கு அவ்வாறு வற்றவில்லை. அடினாய்டு சதையை அகற்றி, செவிப்பறையில் நுண்ணிய குழாய்களைப் பொருத்தினார்கள். வீடு திரும்பியதும் அவன் தாயிடம் கேட்ட முதற்கேள்வி, “ஏம்மா இப்படிக் கத்துறே?” என்பதாம். அதனை எம்மிடம் சொல்லும்போது அத்தாயின் கண்கள் கலங்கின.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! வாயால் மூச்சு விடுகிற, குறட்டை விடுகிற, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிற பிள்ளையைத் திட்டுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றாதீர்கள். சளி பிடித்த நேரத்தில் மூக்கை இறுக மூடிக்கொண்டு ஊதி, காதைத் திறக்க முயலாதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தால், மூக்கின் பின்புறத்தையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். சில வேளை அங்கே கட்டி மறைந்திருக்கக்கூடும். சிகிச்சை முடியும் வரை பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துங்கள். முகம் பார்த்து, நிறுத்திப் பேசுங்கள். அதற்குச் செலவொன்றும் இல்லை.