ஓட்டுநர் இல்லாத லாரியும் ஒரகடம் ரோட்டில் காத்திருக்கும் என் மாணவனும்



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அமெரிக்காவில் பெரிய லாரி ஒன்று ஓடுகிறது, ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. "டீச்சர், இது இங்க வந்தா எங்க பொழப்பு என்னாகும்?" என்று கண்டெய்னர் ஓட்டும் மாணவன் ஒருவன் கேட்டிருந்தான். குழுவில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

செய்தி உண்மைதான். அரோரா என்ற நிறுவனம் டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கு இடையே ஓட்டுநர் இல்லாமல் சரக்கு லாரி ஓட்டத் தொடங்கியதாக 2025 மே மாதம் அறிவித்தது. வௌவால் ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து வழி அறியும் என்று வகுப்பில் படித்தீர்கள் அல்லவா? அதுபோல 'லைடார்' என்ற கருவி ஒளியை அனுப்பி எதிரில் இருப்பதை அளக்கிறது. கூடவே ரேடார், கேமரா, கம்ப்யூட்டர்.

முதலாளிக்கு என்ன லாபம்? அங்கே லாரி ஓட்டுநர் ஒரு ஷிப்டில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. இயந்திரத்துக்குத் தூக்கம் கிடையாது. ஆனாலும் சில வாரங்களிலேயே, லாரியைத் தயாரித்த நிறுவனம் கேட்டுக்கொண்டதால், ஓட்டுநர் இருக்கையில் மறுபடி ஒருவரை உட்கார வைத்தார்கள்.

நமக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. 2012 முதல் ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி தயாரிக்கும் டெய்ம்லர் குழுமம்தான், தானோட்டி லாரிக்கான டார்க் ரோபாட்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் 2019-இல் பெரும்பங்கை வாங்கியது. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில், துவாஸ் துறைமுகத்துக்குள் கண்டெய்னரை ஆளில்லா வண்டிகளே இழுக்கின்றன.

துறைமுகம், சுரங்கம், நேரான நெடுஞ்சாலை, இவை இயந்திரத்துக்குச் சுலபம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோ வேறு. மாடு படுத்திருக்கும், பைக் எதிர்த்திசையில் வரும், ஷிப்ட் விட்டதும் கம்பெனி பஸ்கள் அணிவகுக்கும். மேலும், ஓட்டுநர்கள் பலருக்கு வேலை போய்விடும் என்பதால் ஓட்டுநரில்லா கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று 2023 டிசம்பரில் அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். ஆகவே நாளைக்கே வேலை போய்விடாது. ஆனால் ஒரு அமைச்சரின் வாக்கை நம்பி இருபது வருடப் பிழைப்பைத் திட்டமிட முடியாது.

என் கவலை வேறு. கேபினில் ஆளே இல்லாதது போலத்தான் நாம் இப்போதே நடந்துகொள்கிறோம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று சொல்லிவிட்டது. கேள்வி கேட்ட அந்த மாணவனோ, ஒரு தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே விடியற்காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்திருந்திருக்கிறான். உள்ளே கழிப்பறைக்குப் போக விடவில்லையாம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று அரசு உத்தரவிட்டது, நல்ல காரியம். ஆனால் கேபினை விட்டு இறங்கினால் அவனுக்கு என்ன இருக்கிறது?

உங்களில் சிலர் லாரி ஓட்டுகிறீர்கள். சிலர் அதே கம்பெனிகளுக்குள் டெஸ்பாட்ச், ஸ்டோர்ஸ், செக்யூரிட்டி வேலையில் இருக்கிறீர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் இன்று கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்கிறீர்கள். உள்ளே இருப்பவர்களிடம் கேட்கிறேன்: ஒரு கழிப்பறை, ஒரு தண்ணீர் கேன், கொஞ்சம் நிழல். இதற்கு மேலிடத்தில் பேசிப் பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து கேட்டால் கிடைக்கும்.

ஓட்டும் பிள்ளைகளுக்கு: வண்டியில் புதிதாக வரும் சென்சார், கேமரா, தானியங்கி பிரேக் எல்லாவற்றையும் சர்வீஸ் ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாளைக்கு நெடுஞ்சாலையில் இயந்திரம் ஓட்டினாலும், ஊருக்குள் வண்டியைத் திருப்பவும், லோடு கட்டவும், நின்ற வண்டியைச் சரிசெய்யவும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் பிள்ளைகளை ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று ஏதாவது ஒன்றில் சேர்த்து முடிக்க வையுங்கள். பெண் பிள்ளைகளையும்தான்.

இரவில் தூக்கம் வந்தால் வண்டியை ஓரம்கட்டித் தூங்குங்கள். சரக்கு தாமதமாகப் போகலாம். நீங்கள் வீடு போய்ச் சேர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், வடக்குப்பட்டு