யாருக்குக் காட்டப் போறே?

என் வயிற்றை மூன்று முறை திறந்திருக்கிறார்கள். முதல் முறை, பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன மைலோ டின்கள் மட்டும் ஏழு. இரண்டாம் முறை கோவிட் காலம். வார்டுக்குள் யாரையும் விடவில்லை. ஆனாலும் எனக்காக அர்ச்சனை செய்த படங்கள் கோயில் கோயிலாக வாட்ஸ்அப்பில் வந்தன. மூன்றாம் முறை யாரும் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது அம்மாவிடம் மட்டும்தான். அவர் கேட்ட முதல் கேள்வி: "யாருக்குக் காட்டப் போறே?"

முதல் அறுவை 2019 அக்டோபரில். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் அம்மாவுக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் வலி தொடங்கியது. காஸ்திரிக் என்று நினைத்தேன். நம் ஆட்களுக்கு நெஞ்சுக்குக் கீழே எது வலித்தாலும் காஸ்திரிக்தான். ஓமத்தண்ணீர் குடித்தேன், மாத்திரை போட்டேன், இரண்டு நாள் வேலைக்கும் போனேன். மூன்றாம் நாள் இரவு காய்ச்சலும் நடுக்கமுமாக அரசாங்க மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. சிலருக்குப் பெருங்குடல் சுவரில் சின்னச் சின்னப் பைகள் புடைத்துக்கொண்டு நிற்கும். எனக்கு அதில் ஒன்று அழற்சியாகி வெடித்துவிட்டது. விடிகாலை இரண்டு மணிக்குக் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். அந்த அறுவை எதற்கு என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

செய்தது ஹார்ட்மன் அறுவை. ஆன்ரி ஹார்ட்மன் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1921இல் பெருங்குடல் புற்றுநோய்க்காகச் சொன்ன முறை. இன்று என்னைப் போல நள்ளிரவில் வந்து சேர்கிறவர்களுக்கும் அதைச் செய்கிறார்கள். கெட்டுப்போன குடலை வெட்டி எடுத்து, கீழ்முனையைத் தைத்து உள்ளேயே விட்டுவிட்டு, மேல்முனையை வயிற்றின் இடது பக்கம் வெளியே கொண்டுவந்து வைப்பார்கள். அதன்மேல் ஒரு பை. ஆறு மாதத்தில் திரும்ப இணைத்துவிடலாம் என்றார்கள். ஆறாவது மாதம் என்பது 2020 ஏப்ரல். நாடே பிகேபியில் அடங்கிக் கிடந்தது. அவசரமில்லாத அறுவைகள் தள்ளிப்போயின. பை என்னோடு பதினான்கு மாதம் இருந்தது.

துறைமுகக் கிள்ளானில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் எனக்குக் கணக்கு வேலை. பையோடு வேலைக்குத் திரும்பியபோது பாஜு கூரோங் தைத்துக்கொண்டேன். தளர்வான அந்தச் சட்டை முழங்கால்வரை தொங்கும், உள்ளே என்ன இருந்தாலும் வெளியே தெரியாது. பையிலிருந்து காற்று போகும் சத்தத்தைத்தான் எதனாலும் மறைக்க முடியவில்லை. சத்தம் வரும்போதெல்லாம் நாற்காலியை இழுப்பேன். என் நாற்காலியின் சக்கரம் சரியில்லை என்று நிர்வாகம் புதியது வாங்கிக் கொடுத்தது.

2020 டிசம்பரில் குடலை இணைத்தார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று மற்றவர்கள் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். அடுத்த ஆண்டு நடுவில் இருமும்போது தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு புடைப்பு வர ஆரம்பித்தது. வயிற்றை நெடுக வெட்டித் தைத்தவர்களில் பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு உள்தையல் விலகிக் குடல் பிதுங்கும். குடலிறக்கம், ஹெர்னியா. புடைப்பு வளர்ந்தது. நோயில் இருபது கிலோ இளைத்து மறுபடி ஏறிய உடம்பு. தோல் அடிவயிற்றில் மடிந்து தொங்கியது. நெஞ்செலும்புக்குக் கீழே தொடங்கிய தழும்பு தொப்புளைச் சுற்றி வளைந்து கீழே போனது. பை இருந்த இடத்தில் ஒரு குழி. அம்மா காப்பார் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முதல் முறை பார்த்துவிட்டு, "ஆழமா வெட்டுன மரம் மாதிரி இருக்கு" என்றார். உளி ஆழமாய் இறங்கிவிட்டால் அந்த மரத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். தோட்டத்தில் அதற்குப் பெயரே காயம்தான். வெட்டியவரைத் திட்டுவார்கள். என்னை வெட்டியவர்களைத் திட்ட முடியாது. அவர்கள்தான் என்னை உயிரோடு திருப்பிக் கொடுத்தவர்கள்.

சிக்கலே அங்கேதான். உயிரைத் திரும்பப் பெற்றவள் வேறு எதையும் கேட்கக் கூடாது. "உயிரோட இருக்கறதே பெரிசு" என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான், நானும் அதைத் தினம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இலக்கியம் படிக்கிற நண்பர் ஒருவர், முன்பக்கம் பட்ட காயம் விழுப்புண், அதை மறைக்கக் கூடாது என்றார். நான் எந்தப் போருக்கும் போகவில்லை. சேலைக்கடைக்குத்தான் போயிருந்தேன்.

2023இல் ஒருநாள் கேடிஎம் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பையன் என் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மா சிரித்துக்கொண்டே எத்தனை மாதம் என்று கேட்டார். ஆறு என்றேன். முதல் பிள்ளையா? ஆமாம். என் தலையில் கை வைக்காத குறையாக வாழ்த்தினார். எனக்கு அப்போது நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ஷா ஆலமில் இறங்க வேண்டியவள், அடுத்த கேள்விக்குப் பயந்து ஒரு நிலையம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். பிளாட்பாரத்தில் நின்றபோதுதான் முடிவெடுத்தேன்.

அரசாங்க நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி கட்டிக் காத்திருந்தேன். குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைக்கலாம் என்றார்கள். தோல்? "அது அழகுக்கு." மரியாதையாகத்தான் சொன்னார்கள். வரிசையில் புற்றுநோய்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், எனக்கும் புரிந்தது. பிறகு தனியார் மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் அறுவை நிபுணரைப் பார்த்தேன். ஒரே வெட்டு, ஒரே மயக்கம், இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்றார். வேலையிடத்துக் காப்புறுதிக்கு எழுதிப் போட்டேன். வலைக்கும் உள்தையலுக்கும் பணம் தருவதாகவும் தோலுக்குத் தர முடியாதென்றும் பதில் வந்தது. உள்ளே இருப்பது நோய், வெளியே இருப்பது ஆசை. கோடு எங்கோ என் தோலுக்கும் தசைக்கும் நடுவில் ஓடியது. 1899இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹாவர்ட் கெல்லி தொங்கும் வயிற்றை வெட்டி எடுத்ததிலிருந்து இந்த அறுவையின் கதையைச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் தோலை எடுப்பதும் குடலிறக்கத்தைத் தைப்பதும் பெரும்பாலும் சேர்ந்தே நடந்தன. இரண்டையும் பிரித்தது பின்னால் வந்த கணக்குப் புத்தகம். நானும் கணக்கு எழுதுகிறவள்தான், குறை சொல்ல முடியவில்லை.

மீதி 22,000 வெள்ளி என் பொறுப்பு. ஊழியர் சேமநிதியில் மருத்துவத்துக்கு எடுக்கலாம், ஆனால் அதற்கு நோய்ப் பட்டியல் உண்டு. அந்தச் சமயத்தில்தான், 2024 மே மாதம், சேமநிதியில் மூன்றாவது கணக்கு வந்தது. இரண்டாம் கணக்கிலிருந்து ஒரு பங்கை ஒரே ஒரு தடவை அதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாற்றினேன். எனக்கு 14,000 வந்தது, மீதிக்குச் சேமிப்பு இருந்தது. கைப்பேசியில் தொகையைத் தட்டியபோது எதற்கு என்ற கேள்வியே வரவில்லை. இந்த வயிறு சம்பந்தமாக நான் நிரப்பியவற்றில் காரணம் கேட்காத ஒரே படிவம் அதுதான்.

அறுவைக்கு முந்திய வாரங்களில் தூக்கம் வராமல் மற்றவர்களின் தழும்புகளைத் தேடிப் பார்ப்பேன். அப்படித்தான் ஆண்டி வார்ஹோலின் வயிறு கிடைத்தது. 1968 ஜூன் 3ஆம் தேதி நியூயார்க்கில் வலேரி சொலானஸ் அவரைச் சுட்டார். மருத்துவர்கள் மார்பையும் வயிற்றையும் திறந்து காப்பாற்றினார்கள். அடுத்த ஆண்டு ரிச்சர்ட் அவெடனிடம் அந்தத் தழும்புகளைப் படமெடுக்கக் கொடுத்தார். 1970இல் ஆலிஸ் நீல் அவரை ஓவியமாக வரைந்தார். கண்ணை மூடிக்கொண்டு, மேல்சட்டை இல்லாமல், வயிற்றில் இறுக்குப் பட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். தழும்பைத் துணிந்து காட்டியவர் என்று அவரைச் சொல்கிறார்கள். நான் பார்த்தது பட்டையை. காயத்தால் வந்த குடலிறக்கத்தை அவர் பல ஆண்டுகள் பட்டை கட்டித்தான் அடக்கி வைத்திருந்தார். 1987 பிப்ரவரியில் பித்தப்பை அறுவையோடு சேர்த்து அதையும் தைத்தார்கள். மறுநாள் தூக்கத்திலேயே இறந்துபோனார். அந்த வரியைப் படித்த இரவு, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். விடிந்தபோது சொல்லவில்லை.

நிபுணர் ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு முறை சொன்னார். பழைய வெட்டுகளால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும், தொப்புள் பிழைக்காமல் போகலாம். போனால் தோலை உள்ளே இழுத்துத் தைத்துப் புதிதாக ஒன்று செய்துகொடுப்பார். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று மூன்று நாள் தள்ளிப்போட்டேன். சொன்னபோது அவர் திட்டவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சின்ன வெள்ளித் தாயத்தை எடுத்துவந்தார். நான் பிறந்து விழுந்த கொடியைக் காயவைத்து அடைத்து இடுப்பில் கட்டிய தாயத்து. அதை அவர் இன்னும் வைத்திருப்பது எனக்குத் தெரியாது.

"கொடி எங்கிட்ட இருக்கு. அது போனா போவட்டும். பயப்படாம போ."

2024 செப்டம்பரில் அறுவை நடந்தது. தொப்புள் பிழைக்கவில்லை. இப்போது இருப்பது செய்து வைத்தது. இரண்டு குழாய்களைத் தொங்கவிட்டுக்கொண்டு பத்து நாள் கூன் விழுந்த கிழவி மாதிரி நடந்தேன். வயிற்றைக் கட்ட மருத்துவமனை கொடுத்த பட்டை உறுத்தியது என்று அம்மா அடியில் தன் பழைய நூல் சேலையைக் கிழித்துச் சுற்றினார். அலுவலகத்து மலாய்க்கார அக்கா பிள்ளை பெற்றபோது கட்டிக்கொண்ட பெங்கோங் துணியைக் கொடுத்தனுப்பினார். ஹெர்னியா என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

தழும்பு போகவில்லை. கூடியிருக்கிறது. பழைய நெடுக்குத் தழும்பை வெட்டி எடுத்த இடத்தில் புதியது, அதோடு இடுப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இன்னொன்று. நங்கூரம் மாதிரி. இரண்டும் சேரும் இடத்தில் ரத்தம் போதாமல் மூன்றாம் வாரம் தையல் விட்டது. ஐம்பது காசு அளவுக்கு ஒரு புண். அது ஆற ஆறு வாரம் கட்டு மாற்றினேன். கட்டு மாற்றிய மிஸ்ஸி என்ன அறுவை என்று கேட்டார். ஹெர்னியா என்றேன். அது பொய் இல்லை, காப்புறுதிக்காரர்கள் சொன்ன பாதி.

மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். யாருக்குக் காட்டப் போறே என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. ரயிலில் நிற்கும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் அழகாகிவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. அழகானாலும் குற்றமில்லை என்று சொல்லும் தைரியம் வந்திருக்கிறது.

தை மாதம் ஒன்றுவிட்ட தம்பியின் கல்யாணம், கிள்ளானிலேயே. ஆறாண்டில் முதல் முறையாகச் சேலை கட்டினேன். அம்மாதான் கொசுவத்தை மடித்துச் செருகினார். அடிவயிற்றுத் தோலில் இன்னும் உணர்ச்சி வரவில்லை, தொட்டால் அட்டையைத் தொடுவது போலத்தான் இருக்கும்.

"ஊக்கு குத்துதா?"

"தெரியலமா. அங்க ஒண்ணும் தெரியாது."

அம்மா எதுவும் சொல்லவில்லை. தன் விரலை ஊக்குக்கும் என் தோலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் குத்தி மூடினார்.