விதி போகட்டும், காரணம் இருக்கட்டும்

எங்கள் பழைய ஸ்பேம் ஃபில்டரின் விதிக்கோப்பு இன்னும் மனப்பாடம். மருந்துப் பெயரில் 'ஐ' எழுத்துக்குப் பதில் 1 போட்டிருந்தால் இத்தனை மதிப்பெண். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்து என்றால் இத்தனை. கூட்டினால் 5 வந்ததா, ஸ்பேம். 2001-இல் வந்த ஸ்பேம்அசாசின்தான் அன்று எங்கள் மெயில் சர்வருக்குக் காவல். அதன் விதிகளை மனிதர்கள் எழுதினார்கள்; மதிப்பெண்களை அப்போதே ஒரு ஜெனடிக் அல்காரிதம்தான் கணக்கிட்டது. நாங்களும் எங்கள் பங்குக்கு விதிகளைச் சேர்த்துக்கொண்டே போனோம்.

ஒரு விதிவிலக்கின் மேல் சீனியர் ஒருவர் கமெண்ட் எழுதியிருந்தார்: 'இதை எடுக்காதீர்கள், டாக்டர்களின் கடிதம் நின்றுவிடும்.' 'சியாலிஸ்' மாத்திரை விளம்பரத்தைத் தடுக்கப் போட்ட விதி, 'ஸ்பெஷலிஸ்ட்' என்று கையெழுத்திட்டவர்களின் கடிதங்களையும் பிடித்து வைத்திருந்தது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற சொல்லுக்குள் 'சியாலிஸ்' அப்படியே இருக்கிறது.

நிரலாளர் பால் கிரஹாமும் விதி எழுதும் இந்த வழியில் நடந்தவர்தான். ஸ்பேமின் அடையாளங்களை ஒவ்வொன்றாகத் தேடும் நிரலில் ஆறு மாதம் செலவிட்ட பிறகே புள்ளியியலுக்கு வந்ததாக 2002 ஆகஸ்டில் எழுதினார். அவருடைய பேய்சியன் ஃபில்டர் தானாகக் கண்டுபிடித்த தடயங்களில் ஒன்று 'எஃப்எஃப்0000'. பளிச்சென்ற சிவப்புக்கான ஹெச்டிஎம்எல் குறியீடு அது. ஆபாசச் சொற்களுக்கு இணையாக ஸ்பேமைக் காட்டிக்கொடுத்ததாம். படித்தபோது சிலிர்த்தது. எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் எங்களில் யாருக்கும் அந்த விதி தோன்றியிருக்காது.

கைவிதியின் இடத்தை மாடல் பிடிப்பது இப்போது கம்பைலருக்குள்ளேயே நடக்கிறது. ஒரு ஃபங்ஷனை இன்லைன் செய்வதா வேண்டாமா என்று எல்எல்விஎம் கம்பைலரில் வல்லுநர்கள் கையால் எழுதி வைத்த கணக்கின் இடத்தில், கூகுளின் எம்எல்ஜிஓ திட்டம் பயிற்சி பெற்ற மாடலை வைத்தது. கோடின் அளவு 7% வரை குறைந்ததாக 2021-இல் அறிவித்தார்கள்.

எங்கள் சர்வரும் மாடலுக்கு மாறியது. ஸ்பேம் குறைந்தது, விதிக்கோப்பைத் திறக்கும் வேலையே இல்லாமல் போனது. ஆனால் சீனியரின் கமெண்ட்? மாடலுக்குள் இருப்பவை எண்கள். அவற்றில் எந்த டாக்டரின் கடிதம் எதனால் நின்றது என்ற விவரம் இல்லை. அதனால் பழைய கடிதங்களைத் தேடியெடுத்து டெஸ்ட்டாக மாற்றினோம். எந்தப் புதிய மாடலும் அவற்றைச் சரியாக அனுப்பிவைத்த பிறகுதான் புரொடக்‌ஷனுக்குப் போகும்.

மெஷின் லேர்னிங்கை மனதார வரவேற்கிறேன். விதியை அழிக்கிறவர்கள், அது யாருக்காக எழுதப்பட்டதோ அவருக்காக ஒரு டெஸ்ட் எழுதிவிட்டு அழிக்கட்டும்.