நிஸ்வாவில் ஒரு முற்றத்து அடுக்களை

பயணக் கட்டுரை என்றால் கோட்டை, கொத்தளம், கடைவீதி என்று எழுதுவதே வழக்கம். ஓமன் நாட்டின் நிஸ்வா நகருக்கு 2023 பிப்ரவரியில் சென்று, நோன்புப் பெருநாளையும் அங்கே கழித்துவிட்டுத் திரும்பிய நான், ஒரு வீட்டின் பின்முற்றத்தில் எழும்பிய அடுக்களையைப் பற்றியே உங்களிடம் சொல்லப் போகிறேன். கோட்டையைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த அடுக்களையைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை.

ஆயினும் ஊரைப் பற்றி நாலு வரி சொல்லாமல் உள்ளே போக முடியாது. மஸ்கத்திலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், ஜபல் அக்தர் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது நிஸ்வா. 17ஆம் நூற்றாண்டில் இமாம் சுல்தான் பின் ஸைஃப் கட்டிய வட்டக் கோட்டையும், வெள்ளிக்கிழமை காலையில் கூடும் ஆட்டுச் சந்தையும் அதன் அடையாளங்கள். பேரீச்சந் தோப்புகளுக்கு நடுவே ஃபலஜ் என்னும் வாய்க்கால்கள் ஓடுகின்றன. அவற்றுள் தாரிஸ் ஃபலஜ் உள்ளிட்ட ஐந்தினை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. பாலை நிலத்தில் சலசலவென்று ஓடும் அந்த நீரைக் கண்டபோது நம் ஊர்க் கண்மாய்கள் வறண்டு கிடப்பது நினைவுக்கு வந்தது. அது வேறு கதை.

என் தம்பி அந்த ஊரில் பதினான்கு ஆண்டுகளாகக் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்து வருகிறான். அவன் குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரர் அடுத்த வீட்டிலேயே வசிக்கிறார். சுட்ட இறைச்சி என்றால் அந்த மனிதருக்கு உயிர். வியாழன் இரவு வந்துவிட்டால் புளியும் மசாலாவும் தடவி ஊறவைத்த இறைச்சித் துண்டுகளைக் கம்பியில் கோத்து, தணலில் வாட்டத் தொடங்கிவிடுவார். மிஷ்காக் என்று அதற்குப் பெயர். பழைய இரும்புத் தொட்டி ஒன்றை மணலில் வைத்து, விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தால், தெரு முழுவதும் மணக்கும். பணி ஓய்வு பெற்றதும் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. முற்றத்திலேயே நிரந்தரமாக ஓர் அடுக்களை கட்ட வேண்டும். அதில் மிஷ்காக் அடுப்பும், ஷுவாவுக்கான நிலக்குழியும் இருக்க வேண்டும் என்பதே அது.

ஷுவா என்பது என்ன என்று கேட்பீர்கள். ஆட்டிறைச்சியையோ மாட்டிறைச்சியையோ பெரிய துண்டங்களாக்கி மிளகாய், மஞ்சள், சீரகம், ஏலம், பூண்டு, வினிகர் ஆகியவை சேர்ந்த மசாலாவில் ஊறவைப்பார்கள். பிறகு வாழையிலையில் பொதிந்து, ஈச்சோலையில் பின்னிய பைகளில் கட்டி, தணல் நிரம்பிய நிலக்குழிக்குள் இறக்கி, வாயை மூடி மண் பூசிவிடுவார்கள். ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை அது உள்ளேயே வேகும். காற்று சிறிதளவு புகுந்தாலும் தணல் மூண்டு இறைச்சி கரியாகிவிடும். அதனால் புகை கசியும் இடமெல்லாம் ஈர மண்ணை அப்பியபடி ஆண்கள் குழியைச் சுற்றி நிற்பார்கள். பெருநாட்களுக்கென்றே உள்ள சமையல் இது. பல ஊர்களில் தெருவுக்கு ஒரு பொதுக்குழி உண்டு. ஒவ்வொரு குடும்பமும் தன் பையில் ஓர் அடையாளம் கட்டி இறக்கும்.

வீட்டுக்காரர் ஓர் அட்டையில் படம் வரைந்துகொண்டு வந்தார். நான்கு பக்கமும் சுவர், சலவைக்கல் மேடை, கண்ணாடிச் சன்னல், குளிர்சாதனம், நடுவே நெருப்பு! தம்பி வாய் திறக்கவில்லை. சொந்தக்காரர் ஆயிற்றே! எண்பது வயதைத் தாண்டிய அவருடைய தாயார்தான் அட்டையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டார். தம்பி எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். "புகை எந்த வழியாகப் போகும்? சட்டியை யார் கழுவுவது, எங்கே கழுவுவது?"

சகோதரிகளே, அந்த முதற்கேள்வி என்னைச் சுட்டது. எங்கள் வீட்டு அடுக்களைக்குப் புகைபோக்கி கிடையாது. பின்கட்டின் கடைசி மூலையில் ஒரு சாண் சன்னல் மட்டும் வைத்து வாப்பா கட்டிய அறை அது. தென்னை மட்டையும் பாளையும் எரித்து, ஊதுகுழலால் ஊதி ஊதியே உம்மா எங்கள் ஏழு பேரையும் வளர்த்தார்கள். எரிவாயு அடுப்பு வந்தபோது உம்மாவின் நெஞ்சு கெட்டுப் போயிருந்தது. பீடி சுருட்டு எதையும் தொட்டறியாத பெண்ணுக்குப் புகைபிடிப்பவரின் நுரையீரல் எப்படி வந்தது என்று மருத்துவர் வியந்தார். எங்களுக்கு வியப்பு இல்லை. வீட்டுக்குள் எரியும் அடுப்பின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தக் கணக்கு தொடங்குவதற்கு வெகுநாள் முன்பே எங்கள் உம்மா போய்விட்டார்கள்.

கரித்தணலில் கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு, ஆபத்து குறைவில்லை. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த அறையில் அது ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். இதைத் தம்பி எடுத்துச் சொன்ன பிறகு கண்ணாடியும் குளிர்சாதனமும் படத்திலிருந்து நீங்கின. இரண்டு பக்கம் சுவர், இரண்டு பக்கம் திறப்பு என்று முடிவாயிற்று. மேலே ஓலைக் கூரை வேண்டும் என்று வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். பொறி பறக்கும் இடத்தில் ஓலை ஆகாது என்று தம்பி மறுத்து, மூன்று மீட்டர் உயரத்தில் தகரம் போட்டான். அதன் உச்சியிலும் ஓர் இடைவெளி விட்டான்.

அடுப்பை எந்த மூலையில் வைப்பது? இதற்கு அவன் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, நுனியில் துணிக்கீற்று ஒன்றைக் கட்டினான். பத்து நாட்கள் அஸருக்கும் மஃரிபுக்கும் இஷாவுக்கும் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று குறித்துக்கொண்டான். மலையடிவாரத்தில் பகற்காற்று மலையை நோக்கி ஏறும். இரவில் அதே காற்று மலையிலிருந்து இறங்கும். வீட்டுக்காரர் பகலில் நின்று பார்த்துத் தேர்ந்த மூலை, இரவுக் காற்றில் பக்கத்து வீட்டின் படுக்கையறைச் சன்னலுக்கு நேரே புகையை அனுப்பும் மூலை என்று தெரிந்தது. மிஷ்காக் சுடுவதோ மஃரிபுக்குப் பிறகுதான். ஆகவே அடுப்பு எதிர் மூலைக்கு மாறியது.

இனி நடந்த தவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழியின் உட்புறத்துக்கு வாதியிலிருந்து, அதாவது மலையாற்றுப் படுகையிலிருந்து, உருண்டைக் கற்களை வண்டியில் அள்ளிக்கொண்டு வந்தார் வீட்டுக்காரர். பார்க்க அழகாக இருந்தன. தம்பியும் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டான். மார்ச் முதல் வாரத்தில் முதன்முதலாக நெருப்பு மூட்டினார்கள். கால்மணி நேரம் ஆகியிருக்காது. வேட்டுப் போட்டதுபோல் ஒரு சத்தம்! கல் வெடித்துச் சிதறிய சில்லு ஒன்று வீட்டுக்காரரின் திஷ்தாஷா அங்கியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. ஒரு சாண் தள்ளி அவருடைய பேத்தி நின்றிருந்தாள். அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் காயமில்லை. ஆற்றுக் கல்லின் நுண்துளைகளில் தங்கிய நீர் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியின்றிக் கல்லையே பிளந்துவிடுகிறது. "பதினான்கு வருஷம் கட்டட வேலை பார்த்தும் புத்தி இல்லாமல் போயிற்றே, லாத்தா" என்று தம்பி அன்றிரவு சாப்பிடவே இல்லை.

கற்கள் அத்தனையும் திரும்பிப் போயின. உலைகளுக்கென்றே சுடப்படும் ஃபயர் பிரிக் செங்கற்களை வாங்கி, சாதாரண சிமெண்டுக்குப் பதிலாகச் சூடு தாங்கும் களிமண் சாந்தில் அடுக்கினார்கள். சாதாரண சிமெண்டுப் பூச்சு கடும் சூட்டில் வெடித்து உதிர்ந்துவிடும். ஒன்றரை மீட்டர் ஆழம், ஒரு மீட்டர் அகலம். அடியில் தளம் போடாமல் சரளை பரப்பினார்கள். குழந்தைகள் தவறி விழாதிருக்க விளிம்பை உயர்த்தி, பூட்டுடன் கூடிய இரும்பு மூடி செய்தார்கள். சாந்து உலர்ந்த பின்னும் நாலைந்து நாட்கள் சிறு நெருப்பு மட்டுமே மூட்டி, ஈரத்தைச் சிறுகச் சிறுக வெளியேற்றினார்கள்.

மிஷ்காக் அடுப்புக்கு வாங்கி வந்த கம்பி வலை துத்தநாகம் பூசியது. அது சூடேறினால் நச்சுப்புகை வரும் என்பதால் எவர்சில்வர் வலை மாற்றினார்கள். தணலுக்கும் வலைக்கும் இடையில் நாலு விரற்கடை முதல் ஒரு சாண் வரை ஏற்றி இறக்கும்படி கொக்கி வைத்தார்கள். எரிவாயு சிலிண்டர் சுவருக்கு வெளியே, நிமிர்த்தி, காற்றோட்டமான இடத்தில் நின்றது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். எனவே குழிக்கும் அதற்கும் நல்ல தூரம் விட்டார்கள்.

தாயாரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். நெருப்பை விரும்பும் ஆண்கள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். இது என் சொந்த அபிப்பிராயம்; ஆண் வாசகர்கள் பொறுத்துக்கொள்க! அட்டைப் படத்தில் குழாய் ஒன்றுகூட இல்லை. கறி கழுவ ஒன்றும் பாத்திரம் துலக்க ஒன்றுமாக இரண்டு தொட்டிகள் அமைந்தன. கழிவுநீர் பேரீச்ச மரங்களுக்குப் பாயுமுன் கொழுப்பைத் தேக்கி நிறுத்த ஒரு சிறு தொட்டியும் அமைந்தது. மேடையின் உயரத்தைத் தம்பி வீட்டுக்காரரின் இடுப்பைப் பார்த்து அளந்தான். நான் குறுக்கிட்டு, அவர் மருமகளின் இடுப்பைப் பார்க்கச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து அங்கே நிற்கப்போவது யார் என்பது எனக்குத் தெரியாதா? மூதாட்டி உட்கார்ந்து வெங்காயம் அரியத் தாழ்வாக ஒரு திண்ணையும் காற்றுவரும் பக்கத்தில் கட்டப்பட்டது.

பெருநாள் வந்தது. முதல் நாள் இரவு, சமர் என்னும் முள்மரத்தின் விறகு எரிந்து தணலானதும் பைகளை இறக்கினார்கள். எந்தச் சன்னலுக்காக அடுப்பு இடம் மாறியதோ, அந்த வீட்டுக்காரரும் பச்சைக் கயிறு கட்டிய தம் பையைக் கொண்டுவந்து இறக்கினார். ஆண்கள் மண் பூசிக்கொண்டிருக்க, நானும் அந்தத் தாயாரும் திண்ணையில் அமர்ந்து கஹ்வாவும் பேரீச்சம்பழமுமாக இருந்தோம். அவர் பேச்சு எனக்குப் பாதிக்குப் பாதி புரியவில்லை. புகை எங்கள் முகத்தைத் தொடாமல் மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் நெருப்பருகில் இருந்தும் அவர் ஒரு முறைகூட இருமவில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை மூடியைத் திறந்தபோது எழுந்த மணத்தை எழுத்தில் வடிக்க எனக்குத் திறமை போதாது. எலும்பைத் தொட்டால் கறி தானே கழன்றது. ஒரு சிறு பையில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அது எனக்கும் தம்பிக்குமாக அந்தத் தாயார் தம் கையால் கட்டி இறக்கியது.

ஊர் திரும்பிய பின் வாப்பாவின் பின்கட்டைப் பார்த்தேன். அந்த அறை அப்படியே கரி படிந்து நிற்கிறது. தம்பி அடுத்த விடுமுறைக்கு வரும்போது அதை இடித்துவிட்டுத் திறந்த அடுக்களை கட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். நம் ஊரில் பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று. முருங்கை மரத்தருகே ஒரு கம்பு நட்டுத் துணிக்கீற்று கட்டியிருக்கிறேன். இன்றோடு நான்கு நாள் குறித்தாயிற்று. இன்னும் ஆறு நாள் பார்க்க வேண்டும்.